இருபத்து மூன்று பேருக்கும் இரண்டு

தேவின்,
பிப்ரவரி 18

அன்புள்ள நெவேனாவுக்கு,

நலமா? வார்னாவில் அக்கா வீட்டில் கடல்காற்று வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாய் என்று நம்ப எனக்கும் ஆசைதான். கைபேசியை அணைத்து வைத்திருப்பவளுக்கு ஏது நிம்மதி? அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். கிழிப்பதானாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

உன் ராஜினாமா தலைமையாசிரியர் க்ரஸ்தேவின் மேசைக்குள் இருக்கிறது. "மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் அதை நான் பாக்கவே இல்லைன்னு வச்சுக்குங்க. அதுக்கு மேல என்னால தாங்க முடியாதும்மா" என்கிறார். ஊரில் பாதிப் பேர் இருமுவதால் காய்ச்சல் விடுமுறையை நீட்டிவிட்டார்கள். வகுப்பெல்லாம் இன்னும் இணையத்தில்தான். உன் பத்தாம் வகுப்புப் புவியியலை என் தலையில் கட்டிவிட்டார். கணக்கு டீச்சர் நதிகளைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுப் பிள்ளைகள் என்மேல் பரிதாபப்படுகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளித் தளத்தில் உன் பாடத்தைத் திறந்தேன். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஒரு பயிற்சி, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்று வாரமாக ஒருவர்கூட ஒன்றும் அனுப்பவில்லை. நீ இருபத்து மூன்று பேருக்கும் ஆறுக்கு இரண்டு என்று தோல்வி மதிப்பெண் போட்டு, "சுவருக்குப் பாடம் நடத்த எனக்குத் தெம்பில்லை" என்று எழுதிவிட்டுப் போயிருந்தாய். நானும் பிள்ளைகளை ஒரு பிடி பிடிப்பது என்றுதான் உட்கார்ந்தேன். அதற்கு முன் வழக்கப்படி 'மாணவராகப் பார்' என்பதை அழுத்தினேன். வாரங்களின் தலைப்பு மட்டும் இருந்தது. கீழே ஒன்றுமே இல்லை!

போன வருடப் பாடத்தை அப்படியே நகலெடுத்தாய் அல்லவா? பயிற்சிகள் எல்லாம் போன வருடக் குழுவுக்கு மட்டும் என்று பூட்டியே வந்துவிட்டன. ஆசிரியராக நுழைந்தால் எல்லாம் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. பூனைப் படம் போட்டுக் கலாட்டா செய்கிறார்கள் என்று கேள்விப் பகுதியையும் மூடியிருந்தாய். எங்கே போய்ச் சொல்வார்கள்?

கமேலியாவிடம் கேட்டேன். "மேடம் எங்க மேல கோவத்துல பாடத்தையே எடுத்துட்டாங்கன்னு நெனச்சோம் மேடம். கேட்டா இன்னும் கோவப்படுவாங்கன்னு வாயை மூடிக்கிட்டோம்" என்றாள். பின்பெஞ்சு யாவொர்கூட, "அவங்க திட்டுனாக்கூடப் பரவால்ல, வரச் சொல்லுங்க. உங்க மேப்பு எங்களுக்குப் புரியல" என்கிறான். அந்தத் திமிரைப் பார்!

நான் ஒன்றும் யோக்கியமில்லை. போன வருடம் விடைக்குறிப்பைத் தெரியாமல் தேர்வுக்கு முன்பே பிள்ளைகளுக்குத் திறந்து வைத்துவிட்டு, வகுப்பு முழுக்க ஆறு வாங்கியதும் ஒரு நாள் முழுக்கத் தலைநிமிர்ந்து நடந்தேனே, மறந்துவிட்டாயா? அன்றிலிருந்துதான் எதைப் போட்டாலும் மாணவர் கண்ணால் ஒரு தடவை பார்க்கிறேன்.

உன் பாடத்தில் கை வைத்துவிட்டேன், கோபிக்காதே. பழைய குழுவை நீக்கினேன். தேதிகளை மாற்றி, கெடு முடிந்த பிறகும் இரண்டு நாள் திறந்திருக்கும்படி வைத்தேன். மலைக் கிராமங்களில் பனி விழுந்தால் இணையம் போய்விடுகிறது. கேள்விப் பகுதியையும் திறந்தேன். பூனைகள் வரும், பொறுத்துக்கொள். ஒருவர் அனுப்பவில்லை என்றால் இரண்டு போடுவதற்கு முன், "உனக்கு என்ன தெரிகிறது?" என்று ஒரு வரி கேட்டுவிடு. வகுப்பே அனுப்பவில்லை என்றால் தளத்தைச் சந்தேகப்படு, பிள்ளைகளை அல்ல. உன்னையும் அல்ல.

திறந்த மூன்றாம் நாளே பத்தொன்பது பேர் அனுப்பிவிட்டார்கள். நான் திருத்தவில்லை. எனக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். அவர்கள் உனக்கு எழுதியவை என்பது இன்னொன்று.

நெவேனா, உன்னை யாரும் கைவிடவில்லையடி. நீ இல்லாத ஆசிரியர் அறையில் எனக்கும் காபி இறங்கவில்லை.

பாடத்தில் ஆசிரியர் என்ற இடத்தில் உன் பெயர்தான் இருக்கிறது. நான் உதவிக்கு மட்டும். செவ்வாய் 24, காலை பத்து மணிக்கு வகுப்பு. பேச வேண்டாம், முகம் காட்ட வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். உள்ளே மட்டும் வா. உன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அது போதும் அவர்களுக்கு.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

பத்து மணிக்குத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கப்போகும்,
பிசேரா