அடுத்த வாரம் வருகிற அம்மா

மந்தைவெளி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சந்திரிகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், மாப்பிள்ளை நலம். உன் பிள்ளைகள் இரண்டு பேரும் நலத்துக்கும் மேலே இருக்கிறார்கள், அவர்களால் மற்றவர்களின் நலம்தான் ஆட்டம் கண்டிருக்கிறது. அயர்லாந்து குளிர் உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா, டியூட்டிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகிறாயா என்பதற்குப் பதில் போடு. தினமும் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீயும் நானும் முழுசாக நாலு வார்த்தை பேசி எவ்வளவு நாளாயிற்று என்று நீயே சொல். நீ கூப்பிட்டதும் அஸ்வத் பிடுங்குவான், அவனிடமிருந்து மேகலா பிடுங்குவாள், கடைசியில் நீ எங்கள் வீட்டு ஃபேனோடு பேசிக்கொண்டிருப்பாய். உன்னோடு நர்ஸிங் படித்த அஃப்ரா வெள்ளிக்கிழமை டப்ளின் திரும்புகிறாளாம், பருப்புப் பொடிக்கு நடுவில் இதையும் வைத்துக் கொடுக்கிறேன். மாப்பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்தால் வேண்டாம் மாமா என்பார்.

முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். காலை வேளையில் தி.நகர் போகிற கூட்டத்தை, படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்களை எல்லாம், ஒரு விசிலில் உள்ளே ஏற்றியிருக்கிறேன். இந்த இரண்டு பேரை ஒரு பாத்ரூமுக்குள் ஏற்ற என்னால் முடியவில்லை. ஆறு வயதுப் பையனுக்கு ஒரு சாக்ஸ் போடுவதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. இட்லிமேல் சட்னி பட்டுவிட்டால் அது வேறு இட்லியாம், தொட மாட்டானாம். மூன்று வயது மேகலாவுக்கு மஞ்சள் கவுன் ஒன்றுதான் உடுப்பு, அதைத் துவைக்கப் போட்டால் அது காயும்வரை ஜட்டியோடு கொடிக்குக் கீழேயே உட்கார்ந்து அழுகிறாள். நீயானால் அங்கிருந்து வீடியோ வீடியோவாக அனுப்புகிறாய். குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து பேச வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரி சொன்னாளே, குனிந்தேன். குனிந்தவன் முதுகில் உன் மகள் ஏறிக்கொண்டாள். நிமிர்த்திவிட மாப்பிள்ளை வரவேண்டியதாயிற்று. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அவள் போனைக் காட்டி அம்மா என்கிறாள். சார்ஜ் போட்டிருந்தால் பக்கத்தில் வந்து விரலை வாயில் வைத்துக்கொண்டு, ‘அம்மா தூங்குது, கத்தாதே தாத்தா’ என்று எனக்குச் சொல்கிறாள். இதற்கு என்ன வீடியோ வைத்திருக்கிறாய்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எட்டு நாளைக்கு முன், சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. கிஷோர் மாப்பிள்ளை வழக்கம்போல ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்குப் போய்விட்டார். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பொங்குவதற்குள் வந்துவிடலாம் என்று ஈரத்துணி வாளியோடு பால்கனிக்குப் போனேன். இரண்டு துணிகூடப் போட்டிருக்க மாட்டேன், பின்னால் டக்கென்று சத்தம். மேகலா கதவைச் சாத்திக் கீழ்த் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டாள். தள்ளியதோடு விடாமல் காலால் உதைத்து இறுக்கியும் விட்டாள். போன் உள்ளே. கதவுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பார்த்தேன், தோள்தான் கம்பியில் மாட்டியது, தாழ்ப்பாள் எட்டவில்லை. அஸ்வத்தைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னேன். இழுத்தான், விரல் நசுங்கியது, விரலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான். அதற்குள் பால் பொங்கி வழிகிற சத்தம். அடுப்பு அணைந்துவிட்டது, கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கிறது என்று வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்புக் குமிழை மட்டும் திருப்புடா ராஜா என்று கெஞ்சினேன். ‘அடுப்பத் தொடக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு’ என்கிறான். நான் சொல்றேன்டா திருப்பு என்றால், ‘யார் சொன்னாலும் தொடக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு’ என்கிறான். பிறந்த நாளிலிருந்து ஒருத்தர் சொல்லையும் கேட்காத பயல், அன்றைக்குப் பார்த்து உன் ஒவ்வொரு சொல்லையும் கேட்டான். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு இந்த ஜன்னல் பக்கத்தில் வந்து நில் என்றேன். அதை மட்டும் செய்தான்.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அஸ்மத்துன்னிசா தன் வீட்டு பால்கனிக்கு ஓடிவந்தாள். நான் சொல்லி முடிப்பதற்குள் சுற்றிக்கொண்டு நம் வாசல் கதவுக்குப் போய்த் தட்டினாள். கதவைத் திற நைனா என்று அவள் வெளியே கத்துகிறாள், திறடா என்று நான் ஜன்னலில் கத்துகிறேன், உன் மகன் தங்கச்சியை ஜன்னல் பக்கத்தில் விட்டுவிட்டு நடு ஹாலில் போய் நிற்கிறான். யார் தட்டினாலும் திறக்கக்கூடாது, அதுவும் நீ சொன்னதுதான். ‘என்னத் தெரியலயா கண்ணு, நேத்துகூட உனக்கு சேமியா குடுத்தனே’ என்கிறாள் அவள். தெரியும் ஆண்ட்டி, ஆனா திறக்க மாட்டேன் என்கிறான் இவன். கதவை உடைக்க ஆள் தேடிப் பிடித்து வருவதற்குள் என்ன ஆகுமோ என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அவன் சொன்னான் பார், அதைத்தான் உனக்கு எழுதவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ‘அம்மா அடுத்த வாரம் வந்துடும். அது வந்து தொறன்னா தொறக்கறேன்’ என்றான்.

வெளியே அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள். பிறகு அஸ்மத்துன்னிசா கத்தாமல், ஆனால் எனக்குக் கேட்கும்படி, ‘நைனா, உங்கம்மா அடுத்த வாரம் வராது. அதுக்கு அடுத்த வாரமும் வராது. ரொம்பத் தூரத்துல வேலைல கீது. இப்ப இந்த வூட்ல பெரியவன் நீதான். நீ தொறந்தாத்தான் உண்டு’ என்றாள். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நிஜமா தாத்தா என்று கேட்கிற பார்வை. நான் என்ன செய்வேன் சொல், ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறிக் கதவைத் திறந்தான். அவள் உள்ளே வந்து குமிழை மூடி, ஜன்னல்களையெல்லாம் திறந்து, பூரிக்கட்டையால் தாழ்ப்பாளைத் தட்டி என்னை விடுவித்தாள். பயத்தில் வந்த கோபம், நேரே போய் அவனை அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். ‘வுடுண்ணே, அம்மா பேச்சக் கேட்டுச்சு, அதுக்கா அடிப்பே’ என்று நடுவில் வந்து நின்றுவிட்டாள். அவன் ஸ்டூல் மேலேயே நின்றுகொண்டிருந்தான், அழவில்லை.

சாயந்திரம் மாப்பிள்ளை விஷயத்தைக் கேட்டு முகத்தைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டார். அவளிடம் சொல்லாதீர்கள் மாமா, வார்டில் கை ஓடாது அவளுக்கு என்றார். மறுநாளே வீட்டிலிருக்கிற அத்தனை தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார், பாத்ரூம் தாழ்ப்பாள் உட்பட. இப்போது நான் குளிக்கும்போது உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிவதற்குக் கந்த சஷ்டி கவசத்தை உரக்கச் சொல்லிக்கொண்டு குளிக்கிறேன். அப்படியும் மேகலா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, தாத்தா ஏன் கத்துறே என்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி நீ கூப்பிட்டாய். அஸ்வத் ஆடுகிற பல்லைக் காட்டினான், டாட்டா சொன்னான், எப்பம்மா வருவே என்று கேட்கவே இல்லை. நீயும் மாப்பிள்ளையிடம், இன்னிக்கு அழாம பேசினான், பழகிட்டான் போல என்று சந்தோஷப்பட்டாய். அவரும் ஆமாம் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பழகவில்லை சந்திரிகா, கேட்டுப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துகொண்டுவிட்டான். கிளம்பும்போது ஏர்போர்ட்டில் அவன் உன் துப்பட்டாவை விடாமல் பிடித்துக்கொண்டதால் நீ சொல்லிவிட்டுப் போன வார்த்தைதான் அந்த அடுத்த வாரம். அப்புறம் அவன் சாப்பிட அடம்பிடித்த போதெல்லாம், காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் நாங்களும் அதையே சொல்லித்தான் சமாளித்தோம். இப்போது இரண்டு நாளைக்கு முன், மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, ‘தாத்தா, அடுத்த வாரம்னா எத்தினி மாசம்?’ என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டான். உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். நான் அவனிடம், உன் அம்மாவையே கேள்டா என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய் வாங்கப் போய்விட்டேன்.

ஆகவே சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. கோடை லீவில் மூன்று பேரையும் அங்கே கூப்பிட்டுக்கொள்ள வழி இருக்கிறது, அப்பா தனியாகிவிடுவாரே என்றுதான் யோசிக்கிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொன்னாயாமே. பட்டறையை அவர் அண்ணனிடம் விட்டுவிட்டு வர அவர் தயார், என்னிடமே சொன்னார். என்னைக் காரணம் காட்டாதே. நான் இந்த ஊரில் பிறந்து இந்த ஊரில் கிழவனானவன், பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் பழைய டிரைவர்கள் டீ வாங்கித் தருவார்கள். தனியாக இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது, சும்மா இருந்தால் போதும் என்கிற அளவுக்கு உன் பிள்ளைகள் என்னை ஆக்கி வைத்திருக்கிறார்கள். வீடு காலியானால் இரண்டு நாள் தூங்குவேன். மூன்றாவது நாளைப்பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

பருப்புப் பொடியில் பெருங்காயம் தூக்கல், நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக்கொள். நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. உனக்கும் உன் கையால் மருந்து வாங்குகிற நோயாளிகளுக்கும் கபாலீசுவரர் துணை இருக்கட்டும், நீ தொட்டது துலங்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது, சாப்பிட்டியா கண்ணா என்று ஆரம்பிக்காமல், எந்த மாதம் என்று அவனிடம் சொல். முடிவாகவில்லை என்றால் இன்னும் தெரியவில்லை என்று அதையாவது சொல். அழுவான். சமாதானம் பண்ணுகிறேன் என்று எதையும் சொல்லாதே, போனையும் வைத்துவிடாதே. மேகலாவை நான் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன், அவன் அழுது முடிக்கிறவரைக்கும் நீ இருந்து கேள்.

உன்னைப் பெற்ற கோபக்காரன்,
கங்காதரன்