சனிக்கிழமை இறங்கி வராதீர்கள்

சான் கியாஃப்ரேதோ
பிப்ரவரி 1945

அன்புள்ள என்னவருக்கு,

உங்கள் பெயரை எழுதப் பயமாக இருக்கிறது. அதனால் இப்படியே அழைக்கிறேன். மலையில் நீங்கள் நலம், இருமல் மட்டும் விடவில்லை என்று மருத்துவச்சி ஓர்சோலா சொன்னார். இந்தக் கடிதமும் அவர் பையில்தான் வருகிறது. மருத்துவச்சியின் பைக்குள் கிடக்கும் துணிகளைக் கிளற எந்தச் சிப்பாய்க்கும் மனம் வராதாம். படித்ததும் எரித்துவிடுங்கள்.

முதலில் நல்ல செய்தி. நீங்கள் அப்பாவாகப் போகிறீர்கள். அக்டோபரில் கஷ்கொட்டை உலர்த்தும் குடிசைக்கு வந்துபோனீர்களே, அப்போதுதான். சந்தோஷப்பட்டு முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

கடந்த கோடையில், கைதிகளோடு ஜெர்மனிக்குப் போன ரயிலிலிருந்து குதித்தபோது உங்களைச் சுட்டுவிட்டார்கள் என்றுதான் ஊர் இன்னும் நம்புகிறது. நானும் விதவைக் கறுப்புதான் உடுத்துகிறேன். ஆனால் வயிற்றை எத்தனை நாள் மறைப்பது? முதலில் கண்டுபிடித்தவர் உங்கள் அம்மா. அவரிடம் மட்டும் சொல்லாதே, சந்தோஷத்தில் அழுதே காட்டிக்கொடுத்துவிடுவார் என்று நீங்கள் சொல்லியிருந்ததால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். "எம் புள்ளை மண்ணுக்குள்ள கெடக்கான். நீ எவன்கூடடி போனே?" என்று கேட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைப் பிடுங்கிக் கோழிகளுக்குக் கொட்டினார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் போட்ட சத்தம் பாசிஸ்டுகளின் கருஞ்சட்டைக் கேப்டன் காதுவரை போய்விட்டது. மாவு மில்லில் நான் நின்றபோது ஆட்களோடு வந்து, குழந்தை யாருடையது என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். நான் குனிந்து மூட்டையின் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். அப்போது மில்காரர் செலஸ்தீனோ, பாவம், மனைவியை இழந்த மனிதர், மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே, "என்னுதுதாங்க" என்றார்.

சத்தியமாக நான் அவரிடம் கேட்கவில்லை. நீங்கள் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது. நல்ல மனிதர். நல்ல மனிதர் என்று உங்களுக்கு எழுதவும் பயமாகத்தான் இருக்கிறது. நம் கல்யாணத்தன்று அக்கார்டியன் வாசித்தவன் என்னை இரண்டு தடவை பார்த்துவிட்டான் என்று அவனைச் சாணிக்குழியில் தள்ளியவராயிற்றே நீங்கள்.

கேப்டன் சிரித்தான். "அப்ப வர்ற சனிக்கிழமையே கோயில்ல கல்யாணத்தை வச்சுக்குங்க. நானே சாட்சிக் கையெழுத்துப் போடறேன். இவ புருஷன் நெசமாவே செத்துட்டானான்னு அன்னிக்குத் தெரிஞ்சுடும்ல?" என்றான்.

சந்தையெல்லாம் இந்தச் செய்தியைப் பரப்பச் சொல்லியிருக்கிறான். உப்பு வாங்க மலையிலிருந்து இறங்கும் உங்கள் போராளிகள் காதில் விழவேண்டும் என்பதற்காகத்தான். மணிக்கூண்டில் துப்பாக்கியோடு ஆளை ஏற்றியாகிவிட்டது. கல்லறைச் சுவருக்குப் பின்னாலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஓர்சோலா கண்ணால் பார்த்தார்.

மாட்டேன் என்றால் நீங்கள் உயிரோடு இருப்பதை நானே ஒப்புக்கொண்ட மாதிரி. அதனால் போவேன். பாதிரியார் கேட்கும்போது சம்மதம் என்பேன். பாவம்தான், கடவுளிடம் நான் பேசிக்கொள்கிறேன். அதன் பிறகு செலஸ்தீனோ வீட்டில்தான் இருக்க வேண்டிவரும். வேறு யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் இதையும் எழுதுகிறேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் என்னைக் கூட்டிப்போக வந்துவிடுவீர்களோ என்று குலை நடுங்குகிறது. முன்பெல்லாம் கதவு அசைந்தால் நீங்களாக இருக்க வேண்டுமே என்று ஓடுவேன். இப்போது நீங்களாக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை மணிச்சத்தம் மலைவரை கேட்கும். கேட்டால் கோபம் வரும். வரட்டும், அங்கேயே இருந்து கோபப்படுங்கள். துப்பாக்கியை உங்கள் தளபதியிடம் கொடுத்துவிட்டு, உங்களை மரத்தோடு கட்டிப்போடச் சொல்லுங்கள். இவள் எழுதியது அத்தனையும் பொய், மில்காரனோடு போய்விட்டாள் என்று தோன்றும். அப்படித் தோன்றினால்தான் உங்களால் அங்கேயே இருக்க முடியும் என்றால், அப்படியே நம்புங்கள். என்னை வெறுத்துக்கொண்டாவது உயிரோடு இருங்கள். மாதா உங்களைக் காப்பாள்.

சனிக்கிழமைக்குப் பிறகும் உங்கள் மனைவி,
தெல்ஃபீனா