கரிசல் போட்ட கேக்கு

பாளையம்பட்டி
5.9.2024

அன்பு ஷஹீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வாட்ஸப்பில் கேட்டால் நீ அப்படியே உங்க அண்ணனுக்குத் தள்ளிவிடுவ. அதான் பஸ் கண்டக்டர் தங்கபாண்டி கையில இந்தக் கடுதாசி.

அவுக 13-ந் தேதி வெள்ளிக்கிழமை சவுதி தம்மாம்ல இருந்து வாராக. ஒவ்வொரு லீவுக்கும் பெட்டியைக்கூடப் பிரிக்காம, "ஷஹீனா கேக்கு சுட்டு வச்சிருக்கும்"னு திருச்சுழி பஸ்ஸைப் பிடிச்சிருவாக. நான் ஆக்கின பிரியாணி ஆறிக் கெடக்கும். பொறாமையான்னு கேக்காத. பொறாமைதான். இந்தத் தடவை கேக்கு என் வீட்டுல. செய்முறை எழுது. எதையாவது விட்டே, மறுமையில பிடிச்சுக்கிருவேன்.

உன் மதினி,
சர்புன்னிசா

திருச்சுழி
8.9.2024

மதினிக்கு ஸலாம்.

போன ரம்ஜானுக்கு நீங்க செஞ்ச கேக்கை வெட்ட உங்க மகன் அருவா தேடினான். இருந்தாலும் எழுதுறேன். மைதா ஒரு டம்ளர், பொடிச்ச சீனி முக்கா டம்ளர், எண்ணெய் அரை டம்ளர், முட்டை மூணு, பேக்கிங் பவுடர் ஒரு ஸ்பூன். குக்கர் அடியில ஆத்து மணலைப் பரப்பி, மாவுப் பாத்திரத்தை அது மேல வச்சு, வெயிட்டையும் ரப்பரையும் கழட்டிட்டு, சிறுதீயில முக்கா மணி நேரம். தொறந்து தொறந்து பாக்கக் கூடாது. நீங்க பாப்பீங்க.

உங்க வீட்டுல எவ்வளவு தின்னாலும் அண்ணனுக்கு இங்க வந்தாத்தான் வயிறு நெறையும்.

ஷஹீனா

பாளையம்பட்டி
15.9.2024

ஷஹீனா,

ஆத்து மணலுக்கு நான் எங்கிட்டுப் போவேன்? முந்தின நாள் தூத்தல்ல நனைஞ்ச கொல்லைக் கரிசல் மண்ணை அள்ளிக் குக்கர் அடியில போட்டேன். சூடு ஏற ஏற வீடெல்லாம் மழை வாசம். குளிச்சிட்டு வந்த உங்க அண்ணன், "ஏ சர்பு, மழை எறங்கிருச்சு, வத்தல் நனையுது!"ன்னு ஈரத்துண்டோட மாடிக்கு ஓடுறாக. மேல வெயில் மண்டையைப் பொளக்குது. அவுக ஓட்டத்தைப் பாத்துப் பக்கத்து வீட்டுக்காரியும் வத்தலை அள்ளிட்டா! கீழ வந்து குக்கரைப் பாத்ததும் சிரிச்ச சிரிப்பு இருக்கே... ஒரு கேக்கு முழுசும் காலி. ரெண்டு நாளா திருச்சுழிப் பேச்சே இல்ல. நானும் ஞாபகப்படுத்தல.

சர்புன்னிசா

திருச்சுழி
23.9.2024

மதினி,

அண்ணன் நேத்து வந்தாக. ஒரு துண்டு எடுத்து "நல்லாருக்கு"ன்னாக. நோயாளியைப் பாத்துச் சொல்ற மாதிரி. பெறகு பூரா உங்க குக்கர் கதைதான். எங்க வீட்டுக்காரரும் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிக்குதுக. அவுக போனதும் எங்க தெருச் செம்மண்ணை நனைச்சுப் போட்டுப் பாத்தேன். தும்மல்தான் வந்துச்சு. இத்தனை வருசத்துல அண்ணன் மிச்சம் வச்சது இதான் மொதத் தடவை.

ஒரு சட்டி கரிசல் குடுத்து விடுங்க.

ஷஹீனா

பாளையம்பட்டி
25.9.2024

ஷஹீனாக் கண்ணு,

உன் கடுதாசியைப் படிச்சு மொதல்ல சிரிச்சேன். அண்ணன் மிச்சம் வச்சாகன்னு எழுதின எடத்துல சிரிப்பு நின்னுருச்சு. இருந்தாலும் மண்ணு தர மாட்டேன். அவுக பிளேன் ஏறின பெறகு சாக்கு சாக்கா அள்ளிக்க. வெள்ளிக்கிழமை குடும்பத்தோட இங்க வா, மாவை நீயே கலக்கு. அண்ணனுக்குப் பக்கத்துல உக்காந்துக்க, ஒண்ணும் சொல்லல.

கேக்கு வெட்டுற கத்தி மட்டும் என் கையில இருக்கும்.

மதினி