ஒன்றை அழுத்துங்கள்

ஆகஸ்ட் 18, 2025, திங்கள்

மூன்று நாள் விடுமுறைக்குப் பிறகு ஆபீஸ். எஸ்டேட் ரோடு முழுக்க மழைத்தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கேட்டைத் தாண்டினேன். ரிசப்ஷன் மேசையில் உட்கார்ந்ததும், போனில் மினுங்கிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது. வாய்ஸ்மெயில் குவிந்திருக்கிறது. திங்கட்கிழமை என்றால் வழக்கம்தான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டீயை எடுத்தேன். லிஃப்ட் சர்வீசுக்கு எப்போது ஆள் வரும், பில்லை மறுபடி அனுப்புங்கள், யாரோ இன்ஷூரன்ஸ் விற்கிறவர். அதற்கடுத்து ஒரு பெண் குரல்.

"ஹலோ... யாராவது இருக்கீங்களா? வேப்பம்பட்டுலேர்ந்து பேசறேன். லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. கரன்ட்டும் இல்ல. கைல கொழந்த இருக்கு. ஹலோ?" பிறகு அவள் எங்களை விட்டுவிட்டுக் குழந்தையிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். "ஒண்ணுமில்லடா தங்கம், மாமா வந்துருவாங்க, தோ வந்துருவாங்க." அத்தோடு பீப்.

சுதந்திர தினத்தன்று மதியம் பேசியிருக்கிறாள். நான் கேட்பது இன்று காலை.

உடனே அந்த எண்ணுக்குப் போட்டேன். பெயர் ரேணுகா. அக்கம்பக்கத்தார் கதவை நெம்பித் திறந்து வெளியே எடுத்திருக்கிறார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. "இப்ப எதுக்குங்க போன் பண்றீங்க?" என்று கேட்டாள். கோபம்கூட இல்லை. நிஜமாகவே காரணம் புரியாமல் கேட்டது மாதிரி இருந்தது.

லிஃப்டுக்குள்ளே எங்கள் நம்பரை ஒட்டி வைத்தது நாங்கள்தானே. அதை நம்பித்தானே அடித்தாள்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மேனேஜர் இராமகிருஷ்ணன் சார் அந்த மெசேஜைக் கேட்டார். முகம் சுண்டிப்போனது. ஆறுதலாகத்தான் பேசினார்: "புது போன் சிஸ்டத்துல எல்லா வசதியும் இருக்காம்மா. லீவு நாள்ல யாருக்குப் போகணும், மெசேஜ் வந்தா யார் செல்லுக்குத் தகவல் போகணும், எல்லாம் வெக்கலாமாம். மாட்டிட்டுப் போன கௌதமைக் கூப்பிட்டுச் செய்யலாம். ஆனா அவன் பெங்களூர்ல இருக்கான், அடுத்த மாசம்தான் வருவான்."

அடுத்த மாதமா? அதுவரை எத்தனை ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது!

"நானே பாக்கறேன் சார்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சிரிக்கவில்லை, அதுவே பெரிது. பாஸ்வேர்டைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 20, புதன்

போன் சிஸ்டத்தைத் திறந்து பார்த்தேன். மூடிவிட்டேன். இதற்கா அவ்வளவு வீறாப்பு?

ஆகஸ்ட் 22, வெள்ளி

கௌதமுக்குப் போன் செய்தேன். நல்ல பையன், அலுத்துக்கொள்ளாமல் பேசினான். "மேடம், ஒண்ணே ஒண்ணு. முதல்ல கடிகாரத்தச் சொல்லிக் குடுங்க. எது வேலை நேரம், எது இல்லைன்னு அதுக்குத் தெரிஞ்சிட்டா, மிச்சம் சுலபம்."

அந்த ஒரு வார்த்தையில் பூட்டு திறந்தது. சாயங்காலம் மேனாம்பேடு வீட்டில் சமையலறை மேடையில் காகிதத்தை விரித்தேன். வேலை நேரம்: போன் என் மேசையில் அடிக்கும். வேலை முடிந்த பிறகு, ஞாயிறு, பண்டிகை நாள்: வேறு வழி. பண்டிகைகளை ஒவ்வொன்றாக நாம்தான் தேதி போட்டுச் சொல்ல வேண்டும், அதற்குத் தானாகத் தெரியாது.

இவர் ஃபேக்டரியிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தார். ஆவடி ஃபேக்டரியில் இருபது வருடமாக ஷிஃப்ட் பார்க்கிற மனிதர். "என்ன நாகு, டியூட்டி சார்ட் போடுறியா?" என்றார்.

ஆமாம் என்றேன். உண்மையில் அதுதானே. போனுக்கு ஷிஃப்ட் போடுகிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அவமானம்.

நேற்று மாலை எல்லா டெக்னீஷியன்களின் செல்லையும் சேர்த்துவிட்டேன். எந்த வாய்ஸ்மெயில் வந்தாலும் எல்லோருக்கும் தகவல். இனி எந்த மெசேஜும் தப்பாது என்று ஒரே குஷி எனக்கு. இன்று காலை டில்லிபாபு நேராக என் மேசைக்கு வந்தார். எங்கள் சீனியர் டெக்னீஷியன் அவர், அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். செல்லை மேசைமேல் வைத்தார்.

"இன்னாக்கா இது? சும்மா சும்மா கத்திகினே கீது. சோறு துன்ன வுடல. இன்னா ஏதுன்னு பதறிகினு எடுத்துப் பாத்தா, எவனோ பெயின்ட் கம்பெனிக்காரன் கொட்டேசன் கேக்கறான். நான் சவுண்ட ஆஃப் பண்ணிட்டேன்க்கா."

"ஆஃப் பண்ணா எப்படி டில்லி? யாராவது மாட்டிக்கிட்டா?"

"அத்தான் நானும் கேக்கறேன். எல்லாத்துக்கும் கத்துனா, எதுக்குன்னு ஓடறது?"

டில்லி சொன்னது நியாயம். மதியம் பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இதையெல்லாம் எனக்கு யாரு செய்யச் சொன்னா? பேசாம என் வேலையப் பாத்துக்கிட்டு இருந்திருக்கலாம்ல?

நாளை விநாயகர் சதுர்த்தி. அந்தத் தேதியை மட்டும் மறக்காமல் போட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பிரித்துவிட்டேன். நேற்று கொழுக்கட்டை வேகும்போதுதான் யோசனை வந்தது.

விற்பனை, பில், சர்வீஸ் தேதி: இதெல்லாம் மெசேஜாக நிற்கட்டும். மறுநாள் காலை என் கம்ப்யூட்டருக்கு மட்டும் வரட்டும். லிஃப்டில் ஆள் மாட்டியிருந்தால், பீப்பும் வேண்டாம் மெசேஜும் வேண்டாம். ஒரு எண்ணை அழுத்தினால் நேரே டியூட்டி டெக்னீஷியன் செல்லுக்கு அடிக்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு. அவரும் எடுக்காவிட்டால் எனக்கு. நடுவில் பயந்துபோய் வைத்துவிட்டால்கூட, அந்த எண் டியூட்டிக்காரர் செல்லில் எஸ்.எம்.எஸ்ஸாக வந்து நிற்க வேண்டும். யாராவது "பார்த்தேன்" என்று பதில் போடும்வரை திரும்பத் திரும்ப வர வேண்டும்.

டில்லிபாபுவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இது மேட்டரு" என்றார். அவர் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டு அது என்று எங்கள் இளைய டெக்னீஷியன் பூபாலன் பிறகு சொன்னார்.

செப்டம்பர் 3, புதன்

வரவேற்புக் குரலில் தகராறு. சாருக்கு ஆங்கிலத்தில் வேண்டும், பெங்களூர் ஸ்டுடியோவில் பதிவு செய்த குரல். நன்றி, எங்கள் கம்பெனியின் பெருமை, வேலை நேரம், அதற்குப் பிறகு எண்கள். நான் தமிழில் எழுதிக் கொடுத்ததில் "பயப்படாதீங்க" என்று ஒரு வார்த்தை இருந்தது. பேனாவால் அடித்துவிட்டார்.

"அம்மா, இது கம்பெனி. வீட்டுல பேசற மாதிரி இருக்கக் கூடாது."

தலையாட்டினேன். ஆனால் மனது ஆறவில்லை. நடு வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருக்கிறவரும் அந்த நேரத்தில் கம்பெனி மாதிரிதான் இருப்பாரா?

செப்டம்பர் 8, திங்கள்

இன்று செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பயமும் வருகிறது.

பின்னால் ஒர்க்ஷாப்பில், வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி லிஃப்ட் இருக்கிறது. ஆபீஸ் நேரம் முடிந்ததும், "டில்லி, என்னை உள்ள வெச்சு நிறுத்துங்க. லைட்டையும் அணைச்சிருங்க. நான் நம்மளோட நம்பருக்கே போன் போட்டுக் கேக்கணும்" என்றேன்.

"உனுக்கு இன்னாக்கா ஆச்சு?"

"செய்யுங்களேன்."

கதவு மூடியது. மேலே ஏறுகிற மாதிரி ஒரு அசைவு, பிறகு நின்றது. விளக்கு போனது. வெளியே டில்லியும் பூபாலனும் நிற்கிறார்கள், எனக்குத் தெரியும். தெரிந்தும் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தேன். செல் வெளிச்சத்தில் எண்ணைத் தேடி அழுத்தினேன். சார் சொன்ன ஆங்கிலக் குரல். நன்றி சொன்னது. பெருமை சொன்னது. திங்கள் முதல் சனி வரை என்றது. எங்கள் இணையதளம் என்றது. அடப்பாவி, சொல்லித் தொலையேன்! எனக்கு மூச்சு முட்டியது. நானே சிஸ்டத்தில் போட்டு, அடுத்து என்ன வரும் என்று நன்றாகத் தெரிந்த எனக்கே.

அந்த ரேணுகா எப்படி நின்றிருப்பாள்?

கதவைத் திறக்கச் சொல்லி நானே தட்டிவிட்டேன். நேராக சாரிடம் போனேன். முடி கலைந்திருந்தது, கவலைப்படவில்லை. "சார், ஒரு தடவை நீங்களும் உள்ள நின்னு கேளுங்க."

மறுப்பார் என்றுதான் நினைத்தேன். எழுந்து வந்துவிட்டார். உள்ளே போனார். வெளியே வந்ததும் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "நீ எழுதினதையே போடு. அந்த வார்த்தையோட" என்றார்.

பெரிய மனசு அவருக்கு. இதையும் எழுதி வைக்க வேண்டும்.

செப்டம்பர் 10, புதன்

என் குரலிலேயே பதிவு செய்தேன். "பயப்படாதீங்க. லிஃப்டில் மாட்டியிருந்தால் ஒன்றை அழுத்துங்கள். உடனே ஆள் பேசுவார்." மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

யாரும் மாட்டவில்லை. நல்லதுதான். ஆனாலும் செல்லை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இவர் கிண்டல் செய்கிறார்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

ஆபீஸ் விடுமுறை. வீட்டில் மிக்ஸி, தையல் மெஷின், இவருடைய வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்து, சுண்டல் தாளிக்கும்போது பூபாலனிடமிருந்து போன்.

"அக்கா, வெள்ளானூர்ல கீறேன். ரெண்டு பேர் மாட்டிகினாங்க. எட்த்துட்டோம்க்கா, நல்லா கீறாங்க."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னது இது: ஒரு பெரியவரும் அவர் மனைவியும். வெள்ளானூரில் புதிதாக வந்த அடுக்குமாடி. பண்டிகைக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள், வாட்ச்மேன் சாப்பிடப் போயிருக்கிறார். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார். பெரியவர் எண்ணை அடித்து, ஒன்றை அழுத்தியிருக்கிறார். முதலில் டில்லிபாபுவுக்குப் போயிருக்கிறது. அவர் தெரு ஆட்டோ ஸ்டாண்டு பூஜையில் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றதால் சத்தம் கேட்கவில்லை. லைன் அறுந்துவிடவில்லை. தானாக பூபாலனுக்குத் தாவியிருக்கிறது. அவர் எடுத்து, "நைனா, லைன வெக்காத. பேசிகினே இரு, நான் வந்துகினே கீறேன்" என்று சொல்லிக்கொண்டே கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் டில்லியும் போன் செய்தார், குரல் உடைந்து. "நான் எடுக்கலியேக்கா."

"அதுக்குத்தான டில்லி அடுத்த ஆள் போட்டது. நீங்க எடுக்காட்டியும் நடக்கணும்னுதான்."

வைத்த பிறகு இவரிடம் சொன்னேன். இவர் மீதியிருந்த சந்தனத்தைத் தொட்டு என் செல்லுக்கு ஒரு பொட்டு வைத்தார்.

அக்டோபர் 3, வெள்ளி

ஆபீசுக்கு ஒரு போன். "அந்த டேப்புல பேசற பொண்ணு இருக்குதாம்மா?"

நான்தான் என்றேன்.

"என் பேரு அப்துல் ரசாக். வெள்ளானூர். ஆவடி ஃபேக்டரில ரிட்டயர்டு ஆனவன். மிசினு பேசுதுன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா என் ஊட்டுக்காரிக்குக் கை கால்லாம் ஒதறிகினு இருந்திச்சி. போன ஸ்பீக்கர்ல போட்டேன். 'பயப்படாதீங்க'ன்னு ஒரு பொம்பள கொரல் வந்ததும் அவ அழறத நிறுத்திட்டா. 'யாரோ இருக்காங்க'ன்னு சொன்னா. அத்தச் சொல்லத்தான் போன் போட்டேன்."

நன்றி என்று சொன்னேனா, என்ன சொன்னேன், ஞாபகமே இல்லை. போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது போல. சார் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போனார். மாலையில் எல்லாக் கிளைக்கும் மெயில் போயிருந்தது: இனி போன் சிஸ்டம் சம்பந்தமாக எதுவானாலும் நாகவல்லியைக் கேட்கவும்.

என் பெயர். முழுப் பெயர். எழுத்துப் பிழை இல்லாமல். எத்தனை தடவை படித்தேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி, கோயம்புத்தூர்

இந்தக் கிளையின் போன் சிஸ்டத்தை அமைக்க இங்கே வந்து இரண்டாம் நாள். கிளை ஆபீசில் "மெட்ராஸ்லிருந்து சிஸ்டம் மேடம் வந்திருக்காங்க" என்று அறிமுகம் செய்தார்கள். திரும்பிப் பார்த்தேன், வேறு யாரையோ சொல்கிறார்களோ என்று.

ரிசப்ஷனில் ஜெயப்பிரியா. சூட்டிகையான பெண். "ஏனுங்க்கா, உங்க குரலையே போட்டுரலாமுங்களே? அதான் நல்லா இருக்குதே" என்றாள்.

"இங்க மாட்டுறவங்களுக்கு உங்க பேச்சுதாங்க ஆறுதல்" என்றேன். வெட்கப்பட்டு வெட்கப்பட்டுப் பதிவு செய்தாள். 'ங்க' போடாமல் அவளுக்கு ஒரு வாக்கியம்கூட முடியவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலை முடிந்து கதவைப் பூட்டிய பிறகு, ரயிலுக்குக் கிளம்பும் முன், பஸ் ஸ்டாப்பில் நின்று சோதனைக்காக ஒரு போன் போட்டேன். ஜெயப்பிரியா பேசினாள். ஒன்றை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார் டியூட்டியில் இருந்தவர்.

"சொல்லுங்க, எந்த பில்டிங்குங்க? பயப்படாதீங்க, லைன்லயே இருங்க."

"இல்லைங்க, டெஸ்ட் பண்ணேன். எல்லாம் சரியா இருக்கு."

"அப்படீங்களா. நீங்க யாருங்க பேசறது?"

"நாகவல்லி. அம்பத்தூர் ஆபீஸ். இதைப் போட்டது நான்தாங்க."