உன் போனிலிருந்து நான் அழித்த பக்கங்கள்

இன்று காலை கணக்கு டீச்சர் தன் போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "சார், இதுல சேத்து வச்சிருக்க புக்மார்க்கெல்லாம் கம்ப்யூட்டர்லயும் வரணும். பிள்ளைகளுக்குப் பெருசாப் போட்டுக் காட்டணும். முடியுமா?" என்றார். முடியாமல் என்ன, ஐந்து நிமிட வேலை. இரண்டிலும் ஒரே கணக்கில் நுழைந்து சிங்க் பொத்தானைத் தட்டினால், போனில் இருப்பதெல்லாம் கம்ப்யூட்டரில் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் என் கை மவுஸ் பக்கம் போகவில்லை. "நீங்களே இங்கன உக்காந்து செய்யுங்க டீச்சர். நான் சொல்லுதேன். திரையை நான் பாக்க மாட்டேன்" என்று நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

நான் ஏன் திரும்பி உட்கார்ந்தேன் என்று உனக்குத் தெரியும்.

பாளையங்கோட்டையில் இந்த மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் எதிரெதிர் மேசையில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டினோம், நீயும் நானும். நான் நடந்துவரும் தூரத்தில் வீடு வைத்துக்கொண்டு தினமும் பிந்துவேன். நீ முக்கூடலிலிருந்து பஸ்ஸில் வந்து, மணி அடிக்கும் முன்பே வருகைப் பதிவேட்டை விரித்து வைத்திருப்பாய். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் போதும், இறங்குவதற்குள் நாலு இணையப் பக்கத்துக்காவது நட்சத்திரம் குத்தி போனில் சேர்த்துவிடுவாய். "எதுக்குலே இத்தனை?" என்று கேட்டால், "பொறவு படிக்கதுக்கு" என்பாய். என்ன படிக்கிறாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். வாய் வலித்திருக்காது.

ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாய். "லே, போன்ல எழுத்தெல்லாம் பொடிசா இருக்கு. பிடிச்சா கைய விட்டு நழுவுது வேற. இதுல உள்ளத கம்ப்யூட்டருக்கு மாத்திக் குடேன். பெருசாப் பாத்துக்கிடுதேன்" என்றாய். நழுவுது என்றாய். அந்தச் சொல் என் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. கம்ப்யூட்டர் என்றால் இந்தக் கட்டடத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்ற மிதப்பு எனக்கு. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

வந்தது பட்டியல். ஒவ்வொரு பக்கத்துக்கும் நீயே ஒரு பெயர் வைத்திருந்தாய், ஃபைலுக்குத் தலைப்பு எழுதுகிற மாதிரி. 'சட்டைப் பித்தானை ஒரு கையால் போடுவது.' 'பேனா பிடி தளர்தல்.' 'செருப்பு தானாகக் கழல்வது.' 'தண்ணீர் குடித்தால் புரையேறுதல்.' முப்பத்தேழு இருந்தன. நான் என்ன செய்தேன்? பிள்ளைகளுக்கு ஆஜர் எடுக்கிற குரலில் ஒவ்வொன்றாக உரக்க வாசித்தேன். பி.இ.டி. மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்ன வே, போனுக்குள்ள ஆஸ்பத்திரியே நடத்துதீரு போல! டோக்கன் உண்டுமா?" என்றார். ஆபீசே சிரித்தது. நீயும் சிரித்தாய். உன் சட்டையில் அன்று இரண்டாவது பித்தான் போடாமல் கிடந்தது. இன்றைக்கு அது என் கண்முன் நிற்கிறது. அன்றைக்கு அதைப் பார்க்க எனக்கு எங்கே நேரம்?

"போதும்லே. எடுத்துரு" என்றாய், பைய.

மொத்தத்தையும் தெரிவுசெய்தேன். "இந்தா பாரு, ஒன் சீக்கு பூரா போச்சு!" என்று சொல்லிக்கொண்டே அழித்தேன். அதற்கும் ஒரு சிரிப்பு. சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டரில் அழித்தால் போனிலும் அழிந்துபோகும். அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் ஏறி நீ போனைத் திறந்திருப்பாய். அங்கே ஒன்றுமே இருந்திருக்காது.

மறுநாள் நீ வந்து என் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். ஏண்டா இப்படிச் செய்தாய் என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்க வேண்டும். நீயோ வழக்கம் போல எனக்கு டீ சொன்னாய். அதன் பிறகு கம்ப்யூட்டரில் எந்த உதவியும் என்னிடம் நீ கேட்கவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். பஸ் இன்னும் புறப்படவில்லை. நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கையில் போனும் மடியில் நீள நோட்டுமாக, குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய். "என்னலே, பரீட்சையா?" என்று கீழே நின்று கத்தினேன். "சும்மாலே" என்று நோட்டை மூடினாய்.

நாலு மாதம் கழித்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தாய். அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி, ஸ்கேன், எல்லாம். நரம்பு நோய் என்றார்கள், மருந்து இல்லை என்றார்கள். "முன்னாடியே வந்திருந்தாலும் பெருசா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு டாக்டரு சொல்லுதாரு அண்ணாச்சி" என்று உன் மனைவி எனக்கே ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறவில்லை. பிழைத்திருப்பாயா என்பதா கேள்வி? அந்த நாலு மாதமும் நீ யாரிடமும் சொல்லாமல் தனியாக அதைச் சுமந்தாய். சொன்னால் சிரிப்பார்கள் என்று உனக்குக் காட்டிக்கொடுத்தவன் நான்.

கடைசியாக முக்கூடலில் உன் வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பேச்சு நின்றிருந்தது. வரும்போது பஸ்ஸில் நாற்பது தடவை சொல்லிப் பார்த்திருந்தேன், 'மன்னிச்சுருலே' என்று. உன் கட்டிலோரம் உட்கார்ந்ததும் என்ன பேசினேன் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள், எந்தச் சாயம் என்று முடிவாகவில்லை என்று முக்கால் மணி நேரம் பேசினேன். எனக்கு வேர்ப்பதைப் பார்த்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பச் சொல்லிக் கண்ணால் காட்டினாய். மூதேவி, அப்போதாவது வாயைத் திறந்தேனா? எழுந்து வந்துவிட்டேன்.

நீ இறந்த முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, உன் மனைவி அந்த நீள நோட்டைக் கொண்டுவந்து தந்தார். "இத ஒங்ககிட்ட குடுக்கச் சொல்லிச் சாடை காட்டினாக. என்னன்னே எனக்கு வெளங்கல" என்றார். திறந்தேன். நம் ஆபீஸ் பதிவேடு போலவே கோடு போட்டிருந்தாய்: வரிசை எண், தேதி, பொருள், முகவரி, குறிப்பு. அழிந்துபோன பக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, அவற்றின் முகவரியைக் கையால் எழுதியிருந்தாய். தமிழ்ப் பக்கத்து முகவரி ஒன்றைப் பார்த்து எழுதுவதென்றால் தமிழெழுத்தா இருக்கும்? விழுக்காட்டுக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக அரைப்பக்கம் நீளும். ஓரெழுத்து பிசகினாலும் பக்கம் திறக்காது. அதை, பேனா பிடிக்க முடியாத கையால், ஓடுகிற பஸ்ஸில் எழுதினாய். இனி எந்தக் கம்ப்யூட்டரும் அழிக்க முடியாதபடி எழுதினாய்.

நான் அவற்றைத் தட்டச்சு செய்து பார்த்தேன். முதல் இருபதும் திறந்தன. ஒரு பக்கத்தில் யாரோ ஒருவர் கம்பி வளையத்தை வைத்து ஒரு கையால் பித்தான் போட்டுக் காட்டுகிறார். அதற்குமேல் உன் எழுத்து சரிந்துகொண்டே போகிறது. இருபத்தொன்பதாவது முகவரி பாதியில் நிற்கிறது.

முதல் பதிவின் தேதி, நான் சிரித்த நாளுக்கு மறுநாள். அதற்கு நேரே குறிப்புப் பத்தியில் எழுதியிருக்கிறாய்: 'போனில் இருந்தவை, என் கை தவறி அழிந்தன. மீண்டும் எழுதப்படுகின்றன.' கீழே உன் சுருக்கொப்பம்.

பத்து நிமிடம் பிந்தினாலும் எனக்கே தாமதம் என்று போட்டவன் நீ. உன் வாழ்நாளில் பதிவேட்டில் ஒரே ஒரு பொய் எழுதினாய், அதுவும் என்னைக் காப்பாற்ற. அதை அடித்துத் திருத்த மூன்று தடவை பேனாவை எடுத்துவிட்டேன். உன் ஒப்பத்தின்மேல் கோடு போட எனக்குக் கை வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். உன் கை தவறவில்லை, லே. அழித்தவன் நான். சிரித்துக்கொண்டே அழித்தேன்.