கதவுக்கு அந்தப் பக்கத்துச் சத்தம்

வாஸ்கோ, கோவா,
ஆகஸ்ட், திங்கட்கிழமை

என் அன்பு மகன் லுதோவுக்கு,

நேற்று மதியம் நம் வீட்டு மேசையில் இருந்தவர்கள்: உன் அப்பா, உன் தங்கை செவேரினா, கடற்படையிலிருந்து வந்திருக்கும் தேஷ்வால் சார், நான். பாதிச் சாப்பாட்டில், யாரும் கூப்பிடாமல், புண்டலீக் வந்தார். ஆமாம், தயாவின் அப்பா புண்டலீக்தான். வேறு யாரும் இல்லை. நாளைக்குத் தெருவில் யாராவது தானும் கூட இருந்ததாகச் சொல்லி உனக்கு வேறு மாதிரி செய்தி அனுப்பலாம். அதனால் இதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

திருஇருதய ஆண்டவர் கிருபையால் இங்கு யாருக்கும் நோய் இல்லை. மழை விட்டபாடில்லை. கூரையில் உன் அறைப் பக்கம் ஒழுகியது, ஓடு மாற்றியாகிவிட்டது. மீன்பிடித் தடை முடிந்து அயிலை வரத் தொடங்கியிருக்கிறது. நீ பஹ்ரைனில் அந்த ஓட்டல் சமையல்கட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று போனில் கேட்டால் லைன் சரியில்லை என்கிறாய். வேறு எதைக் கேட்டாலும் அதே லைன்தான் சரியில்லாமல் போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தை இடையில் துண்டிக்க முடியாது அல்லவா.

உன் அப்பா இந்த வருடம் முழுவதும் என்ன வேலை செய்கிறார் என்று உனக்குத் தெரியாது. நீ கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கப்பல் கட்டும் யார்டில் ஒரு பொய்க் கப்பல் கட்டுகிறார்கள். கடலுக்குப் போகாத கப்பல். கொட்டகைக்குள் மாடிவீடு உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி, உள்ளே மூன்று தளம். அடியில் இருக்கும் எந்திரங்கள் அதைச் சாய்க்கும், ஆட்டும். விளக்கு அணையும். சுவரில் வெட்டிவைத்த கிழிசல்களிலிருந்து தண்ணீர் பீறிட்டு வரும். கடற்படைப் பையன்கள் மரஆப்பும் முட்டுக்கட்டையும் மெத்தையும் கொண்டு அதை அடைத்துப் பழக வேண்டும். அடிபட்ட கப்பலைக் காப்பாற்ற, தரையிலேயே ஒரு பள்ளிக்கூடம்.

வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் வராமல் கப்பல் கட்டியவர்களிடம் தண்ணீர் வருகிற மாதிரி கட்டு என்றால் எப்படி இருக்கும், நீயே யோசித்துப் பார். ஒருநாள் சாயங்காலம் உன் அப்பா அந்தப் பக்கம் போயிருக்கிறார். தகட்டில் ஒரு கிழிசல். யாரோ சோம்பேறி விட்டுப்போன குறை என்று நினைத்து அதை வெல்டு வைத்து, தேய்த்து, பளபளவென்று ஆக்கிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் தேஷ்வால் சார் தேடோ தேடென்று தேடி, "யாருங்க என் ஓட்டையைத் திருடினது?" என்று கத்தினாராம். யார்டே சிரித்தது. பங்குச்சாமியார் மந்திரிக்க வந்தபோது அவருக்கும் இதே குழப்பம். "இதுக்குள்ள தண்ணி வராம இருக்கட்டும்னு ஜெபிக்க முடியாது, வரட்டும்னு ஜெபிக்கவும் மனசு வரலையே, கயேத்தான்" என்று உன் அப்பாவிடம் சொன்னாராம். கடைசியில், உள்ளே போகிறவர்கள் வெளியே வரட்டும் என்று ஜெபித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அன்றைக்கு உன் அப்பா கையெடுத்துக் கும்பிட்டபடி நெடுநேரம் நின்றிருந்ததாகச் சொன்னார்கள்.

இனி எழுதப் போவதுதான் விஷயம். எழுந்து போகாமல் படி.

அந்தக் கப்பலில் ஒரு கதவு இருக்கிறது. தண்ணீர் ஏறும்போது அதை மூடித் திருக வேண்டும். உள்ளே ஒரு பொம்மை மனிதனை வைத்திருப்பார்கள். மூடினால் அவன் போனான், மூடாவிட்டால் கப்பலே போனது. மற்ற எல்லாக் கதவுகளையும் உன் அப்பா எப்போதோ மாட்டிவிட்டார். இது மட்டும் சுவரில் சாய்ந்தபடியே நின்றது. கீல் சரியில்லை, ரப்பர் வரவில்லை என்று ஏதேதோ சொன்னார். போன வாரம் ஒருவழியாக மாட்டினார். வெள்ளிக்கிழமை தேஷ்வால் சார் ஒரு சுத்தியலைக் கொடுத்து, கதவின் அந்தப் பக்கமிருந்து ஒரு ஆள் தட்டுகிற மாதிரி தட்டச் சொன்னாராம். அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, பயிற்சியின்போது ஒலிபெருக்கியில் போடுவார்களாம். பையன்கள் அதைக் கேட்டுக்கொண்டே மூட வேண்டுமாம். உன் அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஏன் சீக்கிரம் வந்தீர்கள் என்று கேட்டேன். பல்வலி என்றார்.

தேஷ்வால் சாருக்கு நம் கதை ஒன்றும் தெரியாது. ஹரியானாக்காரர், சின்ன வயது, நல்ல பிள்ளை. சமாதானம் பேசத்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தார். "ஒரு சத்தம்தானே அங்கிள்? உங்க கைக்கு அது ஒரு வேலையா?" என்றார். உன் அப்பா தட்டைப் பார்த்தபடியே, "கதவு கேட்டீங்க, செஞ்சு குடுத்தேன். இன்னும் பத்துக் கதவு கேளுங்க, செய்யறேன். தட்ட மட்டும் மாட்டேன் சார்" என்றார்.

அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டு புண்டலீக் உள்ளே வந்தார். நீயும் தயாவும் வேலை செய்த அந்த பார்ஜ் மூழ்கியதிலிருந்து அவர் நம் வாசல் மிதித்ததில்லை. ஒரே யார்டில் வேலை. கிரேனுக்குக் கை காட்டுவது அவர், வெல்டு வைப்பது உன் அப்பா. இந்த இரண்டு மழைக்காலமும் கைச்சைகையிலேயே பேசிக்கொண்டார்கள். செவேரினாதான் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, தேஷ்வால் சார் அயிலையோடு போராடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முள்ளு எடுக்கத் தெரியாத ஆளு கப்பலைக் காப்பாத்தக் கத்துக்குடுக்க வந்திருக்காரு. நல்லா விளங்கும்" என்றார். தேஷ்வால் சார் சிரித்துவிட்டார். நாங்கள் சிரிக்கவில்லை.

பிறகு புண்டலீக் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"சார், இவரு ஏன் தட்ட மாட்டேங்கறாருன்னு இவரு சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன். தாது ஏத்துற பார்ஜ்ல என் பையன் எஞ்சின் ரூம்ல இருந்தான். இவரு பையன் மேல இருந்தான். தண்ணி வந்துது. பார்ஜ் தலைவரு கதவை மூடுன்னாரு, இவரு பையன் மூடினான். மத்தவங்க கரைக்கு வந்தாங்க. என் பையன் வரலை. பார்ஜ்ல போன் என்னிக்கு வேலை செஞ்சிருக்கு? கீழ இருக்கறவன் ஸ்பேனராலதான் பேசுவான். ரெண்டு ரெண்டா தட்டினா, இங்க பரவால்ல, நீ உன் வேலையப் பாருன்னு அர்த்தம். விடாம தட்டினா, திறன்னு அர்த்தம். நானும் பார்ஜ்ல இருந்தவன். அவனுக்கு அதைச் சொல்லிக்குடுத்ததே நான்தான். அன்னிக்கு எதைத் தட்டினான்னு லுதோவுக்கு மட்டும்தான் தெரியும். எந்தத் தட்டலோ, அதையே போடுங்க. வாய்க்கு வந்தபடி எதையாவது தட்டிவெச்சு என் பையனைப் பொம்மை ஆக்காதீங்க."

தேஷ்வால் சார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். வேண்டாம், அந்தச் சத்தத்தையே எடுத்துவிடுகிறேன் என்றார். புண்டலீக் மேசையைத் தட்டி, "எடுக்காதீங்க! உங்க பசங்க இங்கயே கேட்டுக்கட்டும். இங்க யாரும் சாகப் போறதில்லை. லுதோ மாதிரி மொத மொதல்ல இடுப்பளவு தண்ணியில தனியா நின்னு கேக்க வேண்டாம்" என்றார். உன் அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போனார். கொட்டுகிற மழையில் அங்கே அவருக்கு என்ன வேலை? நான் கூப்பிடவில்லை.

லுதோ, அன்று நீ கரையேறி எங்களிடம் சொன்னது ஒரே வரி. கதவை மூடினேன் என்றாய். விசாரணைக்காரர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் நீ பஹ்ரைனுக்குப் போகும்வரை வீட்டில் இருந்த நாட்களில், பக்கத்து வீட்டில் ஆணி அடித்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவாய். உரலில் மசாலா இடிப்பதை நான் அப்போது விட்டதுதான். ஏன் விட்டேன் என்று உன் அப்பா என்னிடம் கேட்டதில்லை.

புண்டலீக் கிளம்பும்போது வெளிவாசல்வரை கூடப் போனேன். திற என்றுதான் தட்டியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. அவர் குடையைப் பிரித்தபடி நின்றார். "அப்படியே இருந்தாலும் மூடினது சரிதான், அண்ணி. நானா இருந்தாலும் மூடித்தான் இருப்பேன். இதைச் சொல்லத்தான் தினமும் கயேத்தான் எதிர்ல போய் நிக்கறேன். கைதான் கிரேனுக்குப் போவுது, வாய் வரலை" என்றார். பிறகு, "வீட்ல அவ ஒண்ணுதான் கேக்கறா. கடைசியா புள்ள என்ன சொன்னான்? அது தெரியாம அவளுக்குச் சோறு இறங்கலை. நல்லதோ கெட்டதோ, தெரிஞ்சா போதும்" என்றார்.

மகனே, உன்னை ஊருக்கு வா என்று சொல்ல இதை எழுதவில்லை. கடலுக்குத் திரும்பிப் போ என்றும் சொல்லவில்லை. நீ எழுதப் போவது எதுவானாலும் அது முதலில் என் கைக்குத்தான் வரும். நானே புண்டலீக் வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். விடாமல் தட்டினான் என்றாலும் அப்படியே எழுது. எங்களைக் காப்பாற்றுவதற்காக ரெண்டு ரெண்டாக என்று மாற்றி எழுதிவிடாதே. நீ பொய் எழுதினால் உன் எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். உன் அப்பா உன் கடிதம் வரும்வரை சுத்தியலைத் தொடமாட்டேன் என்கிறார். நீ சொல்கிறபடிதான் தட்டுவாராம். தேஷ்வால் சாரும் காத்திருக்க ஒப்புக்கொண்டுவிட்டார்.

நாளை மாதாவின் விண்ணேற்புத் திருநாள். தயாவுக்கும் உனக்கும் சேர்த்து ஒரே பூசைதான் கொடுத்திருக்கிறேன். புண்டலீக்கிடம் சொன்னேன், அவரும் வருகிறேன் என்றார். மாதா தன் மகனைக் காத்தவள். அவள் நீ தூங்கும்போது உன் தலைமாட்டில் இருக்கட்டும். உன் காதுகளுக்கு அமைதி கொடுக்கட்டும். நீ செய்தது பாவம் என்று இந்த வீட்டில் யாரும் ஒருநாளும் நினைத்ததில்லை. இதை முன்பே நாங்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு வரி போதும். சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
எர்மெலிந்தா