ஆரது என்று கேட்டாய்

திகன,
புதன்கிழமை.

மகன் சுஜந்தனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால், கால் வீக்கம் ஒன்றைத் தவிர, சுகமாயிருக்கிறேன். உன் சுகத்தை விசாரிக்கத் தேவையில்லை, திங்கட்கிழமை கேற்றுச் சுவர் அதிரக் கத்தினாயே, அதிலேயே தெரிந்தது. போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய், அதனால் எழுதி, படம் எடுத்து வாட்சப்பில் அனுப்புகிறேன், கடைசிவரை வாசி.

போன ஆவணியில் வந்தபோது அம்மாவின் பாதுகாப்புக்கென்று கேற்றில் கமரா பொருத்தினாய். அதற்கு வாயும் இருக்கிறதென்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டு விதவை றம்லத்துக்கு இரண்டு ஈரப்பலாக்காய் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன், ஆரது, அம்மா, ஆருக்கு என்னத்தைத் தூக்கிக் குடுக்கிறியள் என்று சுவர் கத்துகிறது. அந்த மனுசி யா அல்லாஹ் என்று பதறி ஒரு காயை என் காலில் போட்டுவிட்டாள், வீக்கம் அதுதான். கனடாவில் அப்போது நடுச்சாமம், நித்திரை முழித்து ஈரப்பலாக்காய்க்குக் காவல் இருந்திருக்கிறாய். ஏதேன் தோட்டத்தில் பழம் பறித்தவர்களை விசாரித்த சத்தம் ஒன்றுதான் வேதத்தில் இருக்கிறது, அந்த இடத்துக்கு நீ எப்போது வந்தாய்?

அதோடும் விடவில்லை, பிறகு வாட்சப்பில் பிரசங்கம். நீங்கள் இந்தக் காணிக்கு உக்கிராணக்காரி, எசமானின் சொத்தைப் பொறுப்பாய்ப் பார்க்கிற ஆள், உக்கிராணக்காரர் உண்மையாயிருக்க வேணும் என்று எனக்கே வேதம் சொல்கிறாய். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனால் எழுத்துக்கூட்டியே வேதத்தை நாலு தரம் முழுக்க வாசித்தவள். உக்கிராணக்காரி என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். எசமான் ஆர் என்பதில்தான் நீ பிழை விட்டாய். காணி உறுதிப் பத்திரத்தில் உன் பெயர் இருக்கிறது, அந்த மரத்துக்குப் பெய்கிற மழைக்கு உறுதி ஆரிடம் இருக்கிறது? வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, மரத்தில் தப்பியதைப் பறிக்கத் திரும்பிப் போகாதே, அது விதவைக்கு என்று எசமான் சொல்லியிருக்கிறார், நான் அவருக்குத்தான் உண்மையாயிருக்கிறேன். மாதாமாதம் சம்பளத்தில் பத்திலொரு பங்கு தசமபாகம் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் கொடுத்து இரக்கத்தை விட்டவர்களை ஆண்டவர் என்ன பெயர் சொல்லித் திட்டினார் என்று தேடிப் பார், எனக்கு எழுதக் கை கூசுகிறது.

றம்லத்தை ஆரோ ஒரு மனுசி என்றாயே, அவள் ஆரென்று கேள். போன கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை மூடியதே, கரண்டும் இல்லை, போனும் இல்லை, ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் சேற்றில் இடுப்புக்குத் துணியைக் கட்டிக்கொண்டு, தலையில் சோற்றுப் பானையோடு அந்தக் கேற்றால் வந்தவள் அவள். தன் பேரப்பிள்ளைகளுக்குக் காய்ச்சிய கஞ்சியில் முதல் கோப்பை எனக்கு. அது உனக்குத் தெரியாது, ஏனென்றால் உன் கமராவுக்கும் கரண்ட் இல்லை. பார்க்க வேண்டிய அன்றைக்குக் கண்ணை மூடிக் கிடந்துவிட்டு, காய் போகும்போதா முழிக்கிறது?

சனிக்கிழமை ஆள் வந்து கேற்றுக்குப் பூட்டுப் போடும், மரங்களைக் குத்தகைக்குக் கொடுக்கப் போகிறேன் என்கிறாய். போடட்டும், உன் காணி. பூட்டு விழும்போது நான் வெளியே நிற்பேன், உடுப்புப் பெட்டி கட்டியாகிவிட்டது. றம்லத்திடம் கேட்டேன், வாங்கம்மா, ஒரு பாய்தானே என்றாள். அவள் வேதம் படித்ததில்லை.

பேத்தி லதுஷாவுக்கு என் முத்தங்கள், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போகச் சொல். உன்னையும் சபிக்க மாட்டேன், கர்த்தர் உனக்குக் கொடுத்ததில் ஒன்றையும் குறைக்காமல் உன் கையை மட்டும் விரிக்கட்டும். சனிக்கிழமை மறக்காமல் கமராவைப் பார். கேற்றடியில் ஈரப்பலாக்காய் கேட்டு இரண்டு கிழவிகள் நிற்பார்கள். ஒருத்தியை உனக்கு இப்போது தெரியும். மற்றது ஆரது என்று கத்த முன்னம் இதை வாசித்துக்கொள்,

உன்னைப் பெற்ற
தவமணி